அப்பாவின் வலது முழங்கால்

ஜப்பான்காரனுக்கு வணக்கம் வைக்கும்போது முழங்கால் மடங்கக் கூடாது. இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு மட்டும் குனிய வேண்டும். கைகள் தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும். கால் இரண்டும் நட்டுவைத்த கழி மாதிரி நிற்க வேண்டும். துறைமுக வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவல்காரன் இதை எல்லாருக்கும் அறைந்தே சொல்லிக்கொடுத்தான். அப்பா சீக்கிரமே கற்றுக்கொண்டார். பிறகு ஒரு காலையில் அவருடைய வலது முழங்கால் நீள மறுத்துவிட்டது. குனிந்தபோது ஒரு கால் நேராகவும் மற்றது மடங்கியும் இருந்தது. காவல்காரன் தன்னைக் கிண்டல் செய்வதாக எடுத்துக்கொண்டான். முதலில் கன்னத்தில் அறைந்தான். அப்புறம் துப்பாக்கிக் கட்டையால் முட்டியை அழுத்தி நிமிர்த்தப் பார்த்தான். அது நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் குடியிருந்த கூலி லயத்தில் அப்பாவின் கூட்டாளிகள் சிரித்தார்கள். "அண்ணே, நீங்க கும்பிட்டாலும் உங்க முட்டி கும்பிடாது போல லா" என்றார் ஒருவர். அப்பாவும் சிரித்தார். கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது. அம்மா மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்தக் காலத்தில் எதையும் பெரிதாகப் பேசுவது வழக்கத்தில் இல்லை.

அப்பா மூட்டை தூக்குகிறவர். தொங்கான் படகிலிருந்து பலகை வழியாகக் கரைக்கு, கரையிலிருந்து கிட்டங்கிக்கு. வெள்ளைக்காரன் இருந்தபோதும் அதே வேலை, ஜப்பான்காரன் வந்தபோதும் அதே வேலை. மூட்டையின் மேல் இருந்த எழுத்துதான் மாறியது. அந்த அறை வாங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மத்தியானம், பலகை கரையில் வந்து முட்டும் இடுக்கில் அவருடைய வலது பாதம் மாட்டிக்கொண்டது. பாதம் அங்கேயே நிற்க, மூட்டையோடு உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். மூட்டையை அவர் போட்டுவிடவில்லை. கொண்டுபோய் இறக்கிவைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் முட்டி பப்பாளிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கிக்கொள்வது ஆரம்பமானது.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூட்டை ஏறாத முதுகு வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும் என்று அப்பா என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படிக்கவைத்தார். சண்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பழகச் சேர்ந்தேன். புண் கழுவிக் கட்டுவது, மருந்து கலக்குவது, டாக்டர் கை நீட்டும்போது கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுப்பது, இவைதான் வேலை. லயத்தில் எனக்குக் 'குட்டி டாக்டர்' என்று பெயர். அதில் பாதி பெருமை, பாதி கேலி.

முழங்காலின் உட்பக்கத்தை நான் முதலில் பார்த்தது புத்தகத்துப் படத்தில். இரண்டாவது தடவை, கடைத்தெருவில் ஆகாயத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஜனங்கள் மேல் குண்டு விழுந்த அன்று. ஒரு ரிக்‌ஷாக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் கிடத்தினார்கள். அவருடைய முழங்கால் திறந்திருந்தது. எனக்கு மயக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. படத்தில் இருந்ததெல்லாம் இதிலும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அன்றிலிருந்து எனக்குள் ஏதோ மரத்துப்போனது. அது திரும்பி வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

தொடை எலும்பு கீழே வரும்போது இரண்டு உருண்டைகளாகப் பிரிந்து முடிகிறது. கெண்டைக்கால் எலும்பின் தலை அநேகமாகத் தட்டை. தட்டின் மேல் உருண்டை நிற்கிற கதைதான் முழங்கால். இடுப்பு மூட்டுக்குக் கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கிறது. முழங்காலுக்கு அப்படி எதுவும் இல்லை. அதைப் பிடித்து வைத்திருப்பதெல்லாம் நார்கள். பக்கத்துக்கு ஒன்று, உள்ளே ஒன்றன் குறுக்கே ஒன்றாகப் போகும் இரண்டு. முன்னால் முட்டிச்சில்லு கப்பி மாதிரி நின்று தொடைச் சதையின் இழுப்பைக் கீழே இறக்கிக் கொடுக்கிறது. எலும்பு எலும்போடு உரசும் இடத்தில் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக ஒரு பூச்சு. அதற்கும் மேலே, உருண்டைக்கும் தட்டுக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாகப் பிறைச் சந்திர வடிவில் இரண்டு குருத்தெலும்புத் துண்டுகள். வெளி ஓரத்தில் தடித்தும் உள் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். உருண்டை தட்டில் உருண்டு ஓடிவிடாமல் அணை கொடுப்பது அந்தப் பிறைகள்தான்.

பார்ப்பதற்கு முழங்கால் கதவுக் கீல் மாதிரி மடங்கி நீள்வதாகத் தெரியும். முழுக்க அப்படி இல்லை. காலை நீட்டும்போது கடைசிக் கொஞ்ச தூரத்தில் கீழ்க்கால் மெல்ல வெளிப்பக்கம் திரும்பித் தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் மனிதன் அதிகம் சதையை வருத்தாமல் மணிக்கணக்கில் நிற்க முடிகிறது. வணக்கம் வைப்பவனுக்கும் மூட்டைக்காரனுக்கும் இந்த இறுக்கம்தான் பாதி உழைப்பை மிச்சப்படுத்துகிறது. பாதம் நகராமல் நிற்க, மடங்கிய முழங்காலின் மேல் பாரத்தோடு உடம்பு திரும்பினால், நடுவில் அகப்பட்ட பிறை கிழிந்துபோகும்.

அப்பாவுக்கு இதைச் சொல்ல அம்மாவின் சமையல் சாமான்களை எடுத்துக்கொண்டேன். கவிழ்த்த தட்டின் மேல் என் இரண்டு முஷ்டிகளையும் வைத்து, அடியில் தேங்காய்க் கீற்றைச் செருகினேன். கீற்றின் உள் ஓரம் பாதி கிழிந்து நடுவில் வந்து மடங்கிக்கொண்டால், முஷ்டியை அந்தப் பக்கம் உருட்ட முடியாது என்று காட்டினேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "கதவுக்கு அடியில சில்லு மாட்டுன மாதிரி" என்றார்.

அதேதான் என்றேன். எடுத்துவிட முடியாதா என்று கேட்டார். வெட்டி எடுக்கலாம், முன்னால் இருந்த டாக்டர் எடுப்பார், அவர் மற்ற வெள்ளைக்காரர்களோடு கப்பல் ஏறிப் போய்விட்டார் என்றேன். அப்பா கீற்றைத் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவரிடம் நான் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். இது சிக்கும், விடும். காலையில் சிக்கினால் சாயங்காலம் விடலாம், வாரக்கணக்கில் விடாமலும் இருக்கலாம். சிக்கியிருக்கும்போது நீட்டவும் முடியாது, முழுக்க மடக்கவும் முடியாது. விட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நல்ல கூலி, நல்ல சாப்பாடு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வராததால் அப்புறம் கூப்பிடுவதை விட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் லயத்துக்கு ஆள் கணக்குப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர். முன்பு துறைமுகத்தில் எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் போட்டவர். கேட்ட ஆளைக் கொடுக்காவிட்டால் கிராணியே லோரி ஏற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அவரை யாரும் வெளிப்படையாகத் திட்டுவதில்லை.

அப்பாவின் முறை வந்தது. எந்த ஆளுக்கு முடியும், எந்த ஆளுக்கு முடியாது என்பதை நான் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே சோதித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உதவிக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். வரிசையாக நிற்கவைத்து, உட்காரச் சொல்லி, எழச் சொன்னார்கள். உட்கார்ந்து எழுந்தவன் இந்தப் பக்கம், சயாமுக்கு. முடியாதவன் டாக்டர் முன்னால்.

அப்பாவின் முழங்கால் அன்று நிஜமாகவே சிக்கியிருந்தது. வாசல்காரனிடம் அறை வாங்கிய நாளிலிருந்து விடவே இல்லை. ஜப்பான் டாக்டர் நடுவயதுக்காரர். அப்பாவின் பாதத்தை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் கட்டைவிரலை மூட்டு இடுக்கில், உட்பக்கமாக, சரியாக அந்த இடத்தில் வைத்தார். நீட்டிப் பார்த்தார். ஒரு அளவுக்கு மேல் கால் ரப்பர் மாதிரி திருப்பித் தள்ளியது. உடனே விட்டுவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பி ஒரு சொல் சொன்னார். ஆகாதவர்களுக்குக் கீழ்க்காலில் கோடு போடுவது என் வேலை. சிரங்குக்குத் தடவுகிற அதே ஊதா மருந்து. முழங்காலுக்குக் கீழே கையகல நீளத்துக்கு அப்பாவுக்கு ஒரு கோடு போட்டேன். அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றார்.

வேலை முடிந்ததும் அவரைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு சாக்கடையைத் தாண்ட வேண்டும். அவர் அதன் கட்டுச் சுவரின் மேல் உட்கார்ந்து வலது காலைத் தொங்கவிட்டுப் பாதத்தை எப்படியோ உதறினார். உள்ளே மெல்ல ஒரு 'டக்' கேட்டது. எனக்கும் கேட்டது.

"தொறந்துக்கிச்சு" என்றார். காலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். மீதி தூரத்தை என்னைப் பிடிக்காமலே நடந்தார்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வேண்டுதலைச் சொன்னாள். சோதனைக்கு முந்தின நாளே பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாளாம். இவரை விட்டுவிட்டால் அந்தக் காலாலேயே உனக்குத் தோப்புக்கரணம் போடவைக்கிறேன் என்று. எங்களிடையே வேண்டுதல் அப்படித்தான். கண் பிழைத்தால் கண்மலர், கை பிழைத்தால் கையால் ஏதாவது. நேர்ந்துகொள்கிறவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர்.

முழுக்க உட்கார்ந்து எழ வேண்டாம், மறுபடி சிக்கிக்கொள்ளும் என்று நான் சொன்னேன். சாமிக்குச் சொன்னதை எப்படி மாற்றுவது என்று அம்மா கேட்டாள். முட்டி இப்போது நன்றாகத்தானே இருக்கிறது என்றார் அப்பா. என் யோசனையெல்லாம் அந்தக் கிழிந்த பிறை மேலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லயத்துக் கோடியில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். துணி கிடைக்காத காலம். அப்பாவின் ஒரே வேட்டியை இரண்டாகக் கிழித்து நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டிருந்தோம். அது முழங்காலைக் கூட மூடாது. ஊதாக் கோடு அப்படியே தெரிந்தது. குளிக்கும்போது அம்மா அதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள். அது இருக்கும் வரை யாரும் தொட மாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

அப்பா கைகளை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். நான் பக்கத்தில் நின்று முழங்காலையே பார்த்தேன். மடங்கும்போது உருண்டைகள் தட்டின் மேல் பின்னால் உருண்டு, கூடவே முன்னால் வழுக்கி, பிறைகள் அவற்றோடு பின்னால் நகர்ந்து இடம் விடும். எழும்போது எல்லாம் திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் 'இப்போது சிக்கும்' என்று நினைத்தேன். சிக்கவில்லை. ஊதாக் கோடு கீழே போய் மேலே வந்துகொண்டிருந்தது. முழங்கால் வெகு சுத்தமாக வேலை செய்தது.

சுற்றி வந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நின்றாள். அவள் புருஷனை முந்தின மாதம் சயாமுக்கு ஏற்றியிருந்தார்கள். அவள் சத்தமாகப் பேசவில்லை.

"இந்தக் காலயா ஆவாதுன்னு தள்ளுனாங்க?"

சாமி கொடுத்த கால் அக்கா என்றாள் அம்மா.

"எங்களுக்கும் இதே சாமிதான்" என்றாள் அவள். மறுபடி சுற்றப் போய்விட்டாள். மற்றவர்களும் பார்த்தார்கள். தீபாராதனைக்கு வந்து நின்றிருந்த கிராணியும் பார்த்தார். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாளே ஆள் வந்து, அடுத்த காலை படகுத் துறைக்கு வரும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். நான் கிராணி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்து மரவள்ளி மாவில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டை, தட்டு, பிறை, கிழிசல், சிக்குவது, விடுவது. அவர் முறத்தை நகர்த்திவைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். இடையில், உள் பக்கத்துப் பிறையா வெளிப் பக்கத்துப் பிறையா என்றுகூடக் கேட்டார்.

"நீர் சொல்லுறது சரியாத்தான் இருக்கும், தம்பி" என்றார் கடைசியில். "நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா கோயில்லை நிண்ட சனம் எல்லாம் பாத்திட்டுது. புருஷனைக் குடுத்த பொம்பிளையள் காலமையே இஞ்ச வந்து கேட்டிட்டினம். அதுகளுக்கு நான் இந்தப் பிறைக் கதையைச் சொல்லுறதோ?"

என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆஸ்பத்திரி ஆளை எடுக்க முடியாது என்றார். டாக்டரிடம் மறுபடி காட்டலாமே என்றேன். டாக்டர் கடலைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டாராம், அங்கே புக்கிட் மெர்தாஜாமில் ரயில் ஏறும் ஆட்களை அவர்தான் பார்க்கிறாராம்.

கிராணி மறுபடி முறத்தை எடுத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அங்க போய்ச் சேரேக்கை முழங்கால் பூட்டியிருந்தா, அவர் திருப்பி அனுப்புவார். அவருக்கு விளங்கும்."

வீட்டுக்குத் திரும்பும்போது என் மனதில் ஒரு வேலைதான் இருந்தது. இதுவரை சிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தவன், சிக்கவைக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். அது கஷ்டமில்லை. எல்லாம் படத்திலேயே இருக்கிறது. முழுக்க மடக்கி உட்கார வேண்டும், பாதத்தைத் தரையில் ஊன்றிவைத்துக்கொண்டு உடம்பைத் திருப்ப வேண்டும், அந்தத் திருப்பத்தோடேயே எழ வேண்டும். அப்பாவுக்கு அதைச் செய்து காட்டினேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். செய்தும் பார்த்தார். வலித்தது, சிக்கவில்லை.

"நம்ம சொல்லுக்கு அது எங்க கேக்குது" என்றார்.

அம்மா ஊதாக் கோட்டைச் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்க்க வந்தாள். இனி அது இருக்கக் கூடாது, அதைப் பார்த்துத்தான் இத்தனையும் என்றாள். விடு, அந்த டாக்டர் பார்த்தால் ஞாபகம் வரும் என்று அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

காலையில் கையில் ஆஸ்பத்திரிப் பட்டை கட்டியிருந்ததால் என்னைத் துறை வரை விட்டார்கள். அம்மாவைச் சடக்கிலேயே, ரோட்டோரமாக நிறுத்திவிட்டார்கள். வாசலில் அதே காவல்காரன். வரிசையில் ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். அப்பா அவன் முன்னால் நின்றார். கால் இரண்டும் நேராக நின்றன. வலது கால் கடைசி வரை நீண்டு இறுகியது. இடுப்பிலிருந்து மட்டும் குனிந்தார். சரியான வணக்கம். காவல்காரன் தலையை அசைத்தான்.

அப்பா என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகச் சொன்னார். பலகையில் ஏறிப் படகுக்குள் போனார்.

அவர் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்தவர்களில் யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் டாக்டர் அவரைப் பார்த்தாரா, பார்த்தபோது முழங்கால் எப்படி இருந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று துறையிலிருந்து கண்ணுக்கு எட்டியதுதான்.

படகு கரையை விட்டு விலகியதும் தளத்தில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்கள் நடுவில் ஒரு தலை மறைந்தது. மறுபடி வந்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை எழும்போதும் உடம்பை நான் சொன்ன பக்கம் திருப்பினார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். இரண்டு பேர் சிரிப்பதும் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

நான் துறை ஓரத்தில் நின்றேன். அந்தத் தலை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவையாவது எழாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.